பிரஸ்டன் கூட்டமும் கோக்டவுன் கூட்டமும்: டிக்கன்சின் இரு நாவல்களில் வரலாறு

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்னும் கருத்து நம் ஆய்வேடுகளின் முன்னுரைகளில் இடம்பெறாமற் போவது அரிது. ஒரு நாவலை எடுத்துக்கொண்டு உழவர் நிலை, பெண்டிர் நிலை, தொழிலாளர் நிலை எனத் தலைப்பிட்டு அதிலுள்ள செய்திகளைப் பிரித்தடுக்கினால் அக்காலச் சமுதாய வரலாறு கிடைத்துவிடும் என்று நம்புகிறோம். என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அத்தகைய இயல் ஒன்று உண்டு. இந்நம்பிக்கையை ஐயுறுவதற்குத் தக்க சான்று ஆங்கில நாவலில் இருக்கிறது. ஓர் எழுத்தாளர் தாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்வைக் கட்டுரையாக எழுதினார். நான்கு மாதங்களில், அதே இதழில், அதனை நாவலின் ஓர் அத்தியாயமாக்கினார். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. அவ்வெழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் (1812-1870).

1789 முதல் 1848 வரையிலான ஐரோப்பிய வரலாற்றை எரிக் ஹாப்ஸ்பாம் ‘இரட்டைப் புரட்சி’யின் காலம் என்று குறித்தார் (1962). பிரான்சில் நிகழ்ந்தது அரசியல் புரட்சி. பிரிட்டனில் நிகழ்ந்தது தொழிற்புரட்சி. முன்னது வரம்பில்லா முடியாட்சியை வீழ்த்தியது; பின்னது கதிரையும் தறியையும் குடிசையிலிருந்து ஆலைக்குக் கொண்டுசென்றது. டிக்கன்ஸ் இவ்விரு புரட்சிகளுக்கும் ஒவ்வொரு நாவல் எழுதினார். ஆலை நகரத்தைக் களமாகக் கொண்ட ‘ஹார்ட் டைம்ஸ்’ (கடின காலம்) 1854இலும், பிரெஞ்சுப் புரட்சியைக் களமாகக் கொண்ட ‘இரு நகரங்களின் கதை’ 1859இலும் வாரத் தொடர்களாக வெளிவந்தன. முன்னது தாமஸ் கார்லைலுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. பின்னது கார்லைலின் ‘பிரெஞ்சுப் புரட்சி’ (1837) என்னும் நூலுக்குக் கடன்பட்டது என்று டிக்கன்சே அதன் முன்னுரையில் கூறுகிறார். எனவே இரண்டையும் சேர்த்துப் படிப்பது தகும். எழுதப்பட்ட வரிசையை விடுத்து, கதை நிகழும் கால வரிசையில் அவற்றை இங்கு அணுகுகிறேன். இரு நாவல்களிலும் மக்கள் கூட்டம் என்னவாகக் காட்டப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

முத்திரைக் கடிதம்

பிரெஞ்சு முடியாட்சியின் இயல்பை டிக்கன்ஸ் நன்கறிந்திருந்தார். பதினான்காம் லூயி 1682இல் அரசவையை வெர்சாய்க்கு மாற்றிய பின், பெருங்குடிப் பிரபுக்கள் அரண்மனையின் அணிகலன்களாயினர். ஸ்டேட்ஸ் ஜெனரல் எனப்பட்ட மூவகுப்பார் பேரவை 1614க்குப் பின் 1789 வரை ஒருமுறையும் கூட்டப்படவில்லை. பிரபுக்களும் திருச்சபையாரும் பெருமளவு வரிவிலக்குப் பெற்றிருக்க, வரிச்சுமை உழவர்மீதே விழுந்தது. இந்நிலையைக் கட்டுரைபோல விளக்காமல் மூன்று காட்சிகளில் டிக்கன்ஸ் நிறுவிவிடுகிறார். ஒரு பிரபு காலையிற் சாக்லேட் அருந்துவதற்கு நான்கு பணியாளர் தேவைப்படுகின்றனர். எவ்ரமாந்த் மார்க்கீயின் வண்டி தெருவிற் பாய்ந்து ஒரு குழந்தையைக் கொல்கிறது; அவர் ஒரு காசை வெளியே எறிகிறார். செயின்ட் ஆன்டுவான் பகுதியில் மதுப்பீப்பாய் ஒன்று உடைய, கற்களின் இடுக்கில் தேங்கிய மதுவை மக்கள் மண்டியிட்டுக் குடிக்கின்றனர். வரம்பில்லா அதிகாரத்தைப் பற்றி நான் படித்த கதைப்பகுதிகளில் இவற்றுக்கு இணையானவை மிகச் சிலவே.

நாவலின் அச்சாணி மருத்துவர் மானெட்டின் சிறைவாசம். பிரபுக்கள் இழைத்த கொடுமையை அமைச்சருக்கு எழுதியதற்காக அவர் 1757இல் பாஸ்டிலில் அடைக்கப்படுகிறார். விசாரணை இல்லை, தண்டனைக்கால வரையறை இல்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து வெளிவரும்போது தம் பெயரை மறந்து சிறைக்கொட்டடியின் எண்ணையே பெயராகச் சொல்கிறார். ஓயாமற் செருப்புத் தைக்கிறார். அவரை அடைத்தது ‘லெத்ர தெ கஷே’ எனப்படும் அரச முத்திரைக் கடிதம். முடியாட்சியின் முழு இயல்பையும் ஒரு தாளுக்குள் அடக்கிக் காட்டும் தேர்வு இது.

இவ்விடத்திலேயே ஒரு வினா எழுகிறது. அம்முத்திரைக் கடிதங்களை ஒழித்தது யார்? 1790 மார்ச்சில் தேசியப் பேரவை அவற்றைச் சட்டத்தால் ஒழித்தது. நிலமானியச் சலுகைகளை நீக்கும் தீர்மானம் 1789 ஆகஸ்ட் 4 இரவில் தொடங்கியது. மனித உரிமைப் பிரகடனம் அதே மாதம் 26ஆம் நாள் நிறைவேறியது. இவை எவற்றுக்கும் நாவலில் காட்சியில்லை. கதை 1789 ஜூலையின் கொலைகளையும் கோட்டை எரிப்பையும் சொல்லி 1792க்குத் தாவுகிறது. கதையின் முதன்மை அநீதிக்கு வரலாறு அளித்த விடை எதுவோ, அதனையே அத்தாவல் விழுங்கிவிடுகிறது. விவாதித்து, வாக்களித்து, சட்டம் இயற்றிய புரட்சியை விட்டுவிட்டு, தலை கொய்த புரட்சியை மட்டும் டிக்கன்ஸ் கைக்கொண்டார்.

கூட்டம் கடலாதல்

பாஸ்டில் வீழ்ச்சியைக் கூறும் பகுதியில் கூட்டம் கடலாகிறது. அடுத்து வரும் அத்தியாயத்தின் தலைப்பே அக்கடல் மேலும் எழுவதைச் சொல்கிறது. உருவகம் ஆற்றல் மிக்கது. ஆனால் கடலுக்கு நோக்கம் இல்லை, தொழில் இல்லை, வீட்டில் அடுப்பு இல்லை. 1788 ஜூலையின் ஆலங்கட்டி மழையும் விளைச்சற் குறைவும் ரொட்டி விலையை ஏற்றியிருந்தன. பாரிசைச் சூழப் படைகள் குவிக்கப்பட்டிருந்தன. மக்கள் பாஸ்டிலுக்குச் சென்ற உடனடிக் காரணம் அங்கிருந்த வெடிமருந்து. சிறையில் அன்று இருந்தோர் எழுவரே. இவ்வெண்ணை டிக்கன்ஸ் சரியாகக் குறிப்பிடுகிறார். தாக்கியோருள் ஏறத்தாழ நூறு பேர் இறந்தனர் என்பதை அவ்வாறு எடுத்துக்காட்டவில்லை.

‘இரு நகரங்களின் கதை’ வெளிவந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1959இல், ஜார்ஜ் ரூடே ‘பிரெஞ்சுப் புரட்சியில் கூட்டம்’ என்னும் நூலை வெளியிட்டார். பாஸ்டிலைக் கைப்பற்றியோர் என ஏற்கப்பட்ட அறுநூறுக்கு மேற்பட்டோரின் பட்டியலை எடுத்துக்கொண்டு அவர்தம் தொழில்களை அவர் ஆராய்ந்தார். தச்சர், மரச்சாமான் செய்வோர், பூட்டுத் தொழிலாளர், செருப்புத் தைப்போர், சிறு கடைக்காரர் எனப் பெரும்பாலோர் செயின்ட் ஆன்டுவான் பகுதியின் கைவினைஞர்கள். மதுக்கடைக்காரர் சிலரும் அதில் உண்டு. அவ்வகையில் டெஃபார்ஜ் தம்பதியருக்கு மதுக்கடை வைத்துக்கொடுத்த டிக்கன்சின் உள்ளுணர்வு பிழையானதன்று. ஆயினும் ரூடேயின் பட்டியலில் தொழிலும் முகவரியும் உடைய மனிதர் இருக்கின்றனர். நாவலில் அவர்கள் அலையாகிவிடுகின்றனர்.

சிறு மாற்றம் ஒன்று இதனைத் தெளிவாக்கும். பாஸ்டிலின் ஆளுநர் டி லோனேயின் தலையை அறுத்தவர் ஒரு சமையற்காரர் என்பது வரலாற்றுப் பதிவு. நாவலில் அதனைச் செய்பவள் மதாம் டெஃபார்ஜ். அவளுக்குத் தனிப் பகை இருந்தது. அவளுடைய தமக்கையையும் தமையனையும் எவ்ரமாந்த் குடும்பம் அழித்தது எனப் பின்னர் அறிகிறோம். இதனால் அவளது சினம் நமக்குப் புரிகிறது. ஆனால் புரட்சி ஒரு குடும்பப் பழிவாங்கலாகச் சுருங்குகிறது.

இவ்வாறு கூறுவதால் குருதி சிந்தப்படவில்லை என்று யான் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. 1792 செப்டம்பரில் பாரிசின் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பயங்கர ஆட்சிக் காலத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளின்படி கொல்லப்பட்டோர் பிரான்சு முழுவதும் ஏறத்தாழ 17,000. அரைக்கல்லில் வாள் தீட்டும் காட்சி மிகைப்பட்டது என்று எவரும் எளிதிற் சொல்லிவிட முடியாது. அக்கொடுமைக்கான காரணத்தையும் டிக்கன்ஸ் மறைக்கவில்லை. இறுதி அத்தியாயத்தில், கில்லட்டினுக்குச் செல்லும் வண்டிகள் முற்காலத்தில் மன்னரும் பிரபுக்களும் ஊர்ந்த வண்டிகளே என்கிறார். மக்கள் வெடித்தெழுவதற்குக் காரணம் உண்டு என்பதை அவர் முழுமையாக ஏற்கிறார். காரணம் உடைய மக்கள் கூடிச் சிந்திக்கவும் கூடும் என்பதையே ஏற்கவில்லை. இதை அவரது அறியாமை என்று விளக்கலாமா?

பிரஸ்டன், 1854

விளக்க முடியாது என்பதற்கான சான்று பிரஸ்டனில் கிடைக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின் அச்சம் பிரிட்டனின் சட்டப் புத்தகத்தில் முன்னரே ஏறியிருந்தது: 1799, 1800ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொழிலாளர் கூட்டு சேர்வதைத் தடை செய்தன, 1824இற்றான் அவை நீக்கப்பட்டன. லங்காஷயரின் பஞ்சாலை நகரமான பிரஸ்டனில் 1842 ஆகஸ்டில் வேலைநிறுத்தக்காரர்மீது படையினர் சுட்டதில் நால்வர் இறந்தனர். அதே நகரில் 1853இல், முன்னர் வெட்டப்பட்ட பத்து விழுக்காட்டுக் கூலியைத் திரும்பக் கேட்டுத் தொழிலாளர் கிளர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் முதலாளிகள் ஒன்றுகூடி ஆலைகளை அடைத்தனர். ஏறத்தாழ 20,000 பேர் குளிர்காலம் முழுவதும் வேலையின்றி இருந்தனர். பிற ஆலை நகரங்களின் தொழிலாளர் வாரந்தோறும் திரட்டியனுப்பிய காசில் அவர்கள் உண்டனர்.

1854 சனவரி இறுதியில் டிக்கன்ஸ் பிரஸ்டனுக்குச் சென்றார். அவர் கண்டவை, அவரே நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழில் பிப்ரவரி 11ஆம் நாள் ‘வேலைநிறுத்தத்தில்’ என்னும் பொருள்படும் தலைப்புடன் வெளிவந்தன. தெருக்கள் அமைதியாக இருந்தன என்று எழுதுகிறார். பழைய சேவற்சண்டைக் களம் ஒன்றில் நடந்த பேராளர் கூட்டத்திற்குச் செல்கிறார். அங்கே வாய்வீச்சுப் பேச்சாளர் ஒருவர் எழுந்து கூட்டத்தைத் திசைதிருப்ப முற்படுகிறார். கூட்டத் தலைவர் அவரை நிறுத்துகிறார். கூட்டமும் தலைவர் பக்கமே நிற்கிறது. நிவாரணக் காசு வழங்கும் இடத்தின் ஒழுங்கையும் அவர் வியக்கிறார். வேலைநிறுத்தம் நாட்டிற்குப் பெருங்கேடு, நடுவர் வழியே தீர்க்கப்பட வேண்டும் என்பதே அவரது முடிவு. அதனை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆயினும் அவர் கண்ட கூட்டம் கடலன்று. தலைவர், நிகழ்ச்சிநிரல், கணக்கு ஆகியவற்றைக் கொண்ட அவை அது.

‘ஹார்ட் டைம்ஸ்’ அதே இதழில் ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. மார்ச்சிலேயே பிரஸ்டன் தலைவர்கள் கைதாகியிருந்தனர்; அவ்வழக்கு பின்னர்க் கைவிடப்பட்டது. மே தொடக்கத்திற்குள் தொழிலாளர் தோற்று ஆலைக்குத் திரும்பிவிட்டனர். தொழிற்சங்கக் கூட்டம் இடம்பெறும் அத்தியாயம் ஜூனில் வெளிவந்தது. அதிலும் வாய்வீச்சுப் பேச்சாளர் உண்டு, பெயர் ஸ்லாக்பிரிட்ஜ். அங்கும் கூட்டத் தலைவர் உண்டு. ஆனால் இம்முறை பேச்சாளரே கூட்டத்தை ஆட்டிவைக்கிறார். சங்கத்திற் சேர மறுக்கும் நெசவாளி ஸ்டீபன் பிளாக்பூலை அவர் துரோகி என்று பழிக்க, கூட்டம் ஸ்டீபனை ஒதுக்கிவைக்கிறது. பிரஸ்டனில் உட்கார வைக்கப்பட்டவர் கோக்டவுனில் அரியணை ஏறிவிட்டார்.

1912இல் இந்நாவலுக்கு முன்னுரை எழுதிய பெர்னார்ட் ஷா, ஸ்லாக்பிரிட்ஜை நடுத்தர வர்க்கத்துக் கற்பனையின் வெறும் படைப்பு என்று ஒதுக்கினார். தொழிற்சங்கம் பற்றி டிக்கன்ஸ் ஏதும் அறியார் என்பது அவரது விளக்கம். நாவலைப் பெரிதும் போற்றிய எஃப். ஆர். லீவிசும் (1948) தொழிற்சங்கப் பகுதியின் குறையை ஒப்புக்கொண்டார். ஷாவின் கணிப்பு சரி, காரணம் பிழை என்பதே என் கருத்து. டிக்கன்ஸ் அறிந்திருந்தார், நான்கு மாதங்களுக்கு முன் அச்சிலும் ஏற்றியிருந்தார். கட்டுரையாளர் கண்டதை நாவலாசிரியர் மாற்றினார்.

ஏன் மாற்றினார்? ஆலை முதலாளிகள் தொழிலாளரை ‘கைகள்’ என்று அழைப்பதை டிக்கன்ஸ் நையாண்டி செய்கிறார். தொழிலாளர் கேட்பதெல்லாம் தங்கக் கரண்டியில் ஆமைச் சூப்பு என்று பிதற்றும் பவுண்டர்பியை நகைப்புக்கு இடமாக்குகிறார். ஸ்டீபன் பவுண்டர்பியின் முன்நின்று தொழிலாளர் துயரை உரைக்கும் பகுதி நாவலின் சிறந்த இடங்களுள் ஒன்று. ஆனால் அவ்வுரையைச் சொல்லும் தகுதி, தொழிலாளரால் விலக்கப்பட்ட ஒருவனுக்கே கிடைக்கிறது. தனித்து நிற்பவன் நல்லவன். கூடி நிற்போர் ஏமாளிகள். ஸ்டீபன் கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் வீழ்ந்து, வானத்து விண்மீனைக் கண்டு, ரேச்சலின் கையைப் பற்றியவாறு இறக்கிறான். ஐந்தாண்டுகளுக்குப் பின் சிட்னி கார்ட்டன், முன்பின் அறியாத தையற்பெண் ஒருத்தியின் கையைப் பற்றியவாறு கில்லட்டினுக்குச் செல்கிறான். இரு நாவல்களும் சமூகத்தின் முரணைத் தனிமனிதனின் தூய இறப்பிற் கொண்டுபோய் முடிக்கின்றன. அத்தகைய இறப்புக்குப் பின்னணியாக இருளும் இரைச்சலும் வேண்டும். கூட்டம் அவ்வேலைக்கு அமர்த்தப்படுகிறது. பிரஸ்டனில் டிக்கன்ஸ் கண்ட ஒழுங்கான அவையை இந்தக் கதையமைப்புக்குள் எங்கே வைப்பது?

கேஸ்கல் காட்டிய வழி

நாவல் வடிவமே இதற்கு இடந்தராது என்று கூறுவோருக்கு எலிசபெத் கேஸ்கல் விடை. ஆலை வாழ்வை மான்செஸ்டரில் வாழ்ந்தறிந்த அவருடைய ‘நார்த் அண்ட் சவுத்’ (வடக்கும் தெற்கும்), ‘ஹார்ட் டைம்ஸ்’ முடிந்த சில வாரங்களில் அதே இதழில் தொடங்கி 1855 சனவரி வரை வந்தது. தம் நாவலில் வேலைநிறுத்தத்தைக் கொண்டுவரப் போவதில்லை என்று டிக்கன்ஸ் அவருக்கு முன்னரே கடிதம் எழுதியிருந்தார். அவர் விட்டதைக் கேஸ்கல் எடுத்துக்கொண்டார்.

கேஸ்கலின் கூட்டமும் ஆலை வாயிலில் விலங்கென உறுமுகிறது, கல்லெறிகிறது, மார்கரெட் காயமுறுகிறாள். அவ்விடத்தில் அவரும் டிக்கன்சுக்கு நெடுந்தொலைவில் இல்லை. ஆனால் அவர் கூட்டத்தைப் பிரித்துக் காட்டுகிறார். சங்கத்தை நம்பும் நிக்கலஸ் ஹிக்கின்ஸ் வன்முறையை வெறுக்கிறான், அது வேலைநிறுத்தத்தைக் கெடுத்துவிட்டதே என்று. பசித்த பிள்ளைகளுக்காகப் பொறுமையிழந்து கலகத்திற் சேரும் பவுச்சர், பின்னர் ஆழமில்லாத ஓடையில் தன்னை மாய்த்துக்கொள்கிறான். அவனை வெறுத்த ஹிக்கின்சே அவன் பிள்ளைகளைப் பேணுகிறான். சங்கம் நன்றா தீதா என்னும் வழக்கு தொழிலாளர் குடியிருப்புக்குள்ளேயே நடக்கிறது. ஹிக்கின்சின் மகள் பெஸ்சி, பஞ்சு சிக்கெடுக்கும் பிரிவில் வேலை செய்து, பஞ்சுத் தூசி நுரையீரலில் நிறைந்து இறப்பவள். தூசியை இழுத்து வெளியேற்றும் சக்கரம் ஒன்று உண்டென்றும், அதற்கு ஐந்நூறு அறுநூறு பவுன் ஆகும், அதனால் இலாபம் வராது என்பதால் எல்லா முதலாளிகளும் அதனைப் பொருத்துவதில்லை என்றும் அவள் சொல்கிறாள். தொழிற்புரட்சியின் பொருளியல் ஒரு நோயாளிப் பெண்ணின் பேச்சில் வந்து விடுகிறது. ‘ஹார்ட் டைம்சி’ல் நீராவி எந்திரம் மதம் பிடித்த யானையின் தலையாகத் தோன்றும், மறக்கவியலாத உருவகம்தான். எனினும் அவ்வெந்திரத்தின் அருகில் நிற்பவனின் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை அந்நாவலிலிருந்து நாம் ஏறக்குறைய அறிவதில்லை.

நீக்கப்பட்ட பத்தி

அறிவதில்லை என்பதற்கு ஒரு பாட வரலாறு உண்டு. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த மரபில் வந்த நமக்கு இது தனி ஈடுபாடு தருவது. ஸ்டீபன் சங்கத்திற் சேராததற்குக் காரணம் ரேச்சலுக்கு அவன் அளித்த வாக்கு. அவ்வாக்கை அவள் ஏன் பெற்றாள் என்பது அச்சான நாவலில் தெளிவாக இல்லை. படிப்போர் பலருக்கும் இது நெருடும். காரணம் மெய்ப்பு நிலையில் நீக்கப்பட்ட ஒரு பத்தியில் இருக்கிறது. ரேச்சலின் தங்கையாகிய சிறுமியின் கை ஆலை எந்திரத்தில் சிக்கிப் பிய்ந்துபோனது. அது கண்டு ஸ்டீபன் கொதித்தெழுந்தபோதுதான், இனி இவற்றில் தலையிடுவதில்லை என்னும் வாக்கை ரேச்சல் அவனிடம் பெற்றாள். அவ்விடத்திற்கு டிக்கன்ஸ் ஓர் அடிக்குறிப்பும் எழுதியிருந்தார். ஆலை விபத்துகள் பற்றி ஹென்றி மோர்லி ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழில் ஏப்ரல் 22ஆம் நாள் எழுதிய கட்டுரையை அது சுட்டியது. எந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்று 1844ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தும் பல முதலாளிகள் அதற்கு இணங்காமலிருந்த நேரம் அது.

பத்தியும் நீக்கப்பட்டது, அடிக்குறிப்பும் நீக்கப்பட்டது. அச்சான பாடத்தில், குழியிலிருந்து மீட்கப்பட்ட ஸ்டீபன் இறக்கும் தறுவாயில் ரேச்சலின் தங்கையை நினைவுகூர்கிறான். அங்கே அச்சிறுமி நச்சுக் காற்றால் நலிந்து இறந்தவள். கையைப் பற்றிய பேச்சு அவ்விடத்திலும் இல்லை. அப்பகுதியைக் காண விழைவோர் 1966இல் ஜார்ஜ் ஃபோர்டும் சில்வேர் மோனோவும் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பைப் பார்க்க வேண்டும்.